ஒரு தோள் இறங்கிய கவுன்

அந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஒரு தையல் மிஷின், ஒரு இஸ்திரி மேசை, ஆள் நின்று பார்க்க ஒரு கண்ணாடி. பேன்ட் நீளமா, இடுப்பு தொளதொளவென்று இருக்கிறதா, ஜிப் மக்கர் பண்ணுகிறதா, தெருவே ஆல்ட்ரேஷன் அக்காவிடம்தான் வந்து நிற்கும். அக்காவுக்குப் பிறவியிலேயே இடது தோள் ஒரு விரல்கடை இறக்கம். யாராவது உற்றுப் பார்த்தால், "அந்தத் தோள் மட்டும் கொஞ்சம் சோம்பேறி" என்று அவளே சொல்லிவிடுவாள்.

அவளுக்கு இப்போது ஒரே கவலை, டிரைவர். அப்பா இறந்த பிறகு அம்மா கட்டிக்கொண்ட மனிதர். அம்மா பங்களாவில் சமையல், அவர் அதே பங்களாவில் கார் ஓட்டினார். அம்மா போய்ச் சேர்ந்தபின் கார் ஷெட்டை ஒட்டிய அறையிலேயே தங்கிவிட்டார். இப்போது பங்களா கைமாறிவிட்டது. அறையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள்.

"நம்ம வீட்டுக்கே வந்துடுங்களேன்" என்று ஒப்புக்கு ஒருமுறை கேட்டாள்.

"பார்க்கலாம்மா" என்றார்.

அந்தப் 'பார்க்கலாம்' என்பதற்கு 'மாட்டேன்' என்று அர்த்தம். அது இருவருக்குமே தெரியும். எங்கோ ஒரு லாட்ஜில் ஒரு கட்டிலுக்குச் சொல்லி வைத்திருந்தார். அம்மாவின் இரும்புப் பெட்டியை மட்டும் கடையில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். யாரிடமும் எதையும் வாங்கிப் பழகாத மனிதர்.

அவரைக் குறை சொல்லி என்ன? சின்ன வயதில் அவள் மட்டும் அவரிடம் எதையாவது வாங்கினாளா? ரிப்பன் வாங்கி வந்தால் ஜன்னல் வழியே பறக்கும். செருப்பு வாங்கி வந்தால் குப்பைத்தொட்டிக்குப் போகும். "அந்த ஆளு வாங்குனது எனக்கு வேணாம்." அப்பா என்றும் கூப்பிட மாட்டாள், வேறு எதுவும் சொல்லியும் கூப்பிட மாட்டாள். அவரும் ஷெட்டிலேயே குளித்துவிட்டு வருவார், வாசலில் உட்கார்ந்து சாப்பிடுவார், கிளம்பிவிடுவார். அவள் பக்கத்தில் போனதே இல்லை.

ஆனால் பங்களாவிலிருந்து அம்மா கொண்டுவரும் பழைய கவுன்கள் என்றால் உயிர். அந்த வீட்டுப் பெண்ணுக்கும் இவள் வயதுதான். மஞ்சள் கவுன் ஒன்று, கொஞ்சம் வெளுத்தது, அதைப் போட்டால் இவளுக்குத் தரையில் கால் பாவாது. அதில் ஒரு வாசனை வேறு. பங்களாவில் அவளுக்குச் சமையல்கட்டுப் படிவரைதான் அனுமதி. அதற்கு அப்பால் உள்ள அறைகளெல்லாம் இப்படித்தான் மணக்கும் என்று நினைத்துக்கொண்டு, கவுனை முகத்தில் வைத்து மூச்சை இழுப்பாள். நாம் இருக்கவேண்டிய இடம் அதுதான், ஏதோ தவறி இங்கே வந்து விழுந்துவிட்டோம் என்று ஒரு நினைப்பு. "பங்களாக்காரி வர்றா, வழி விடுங்கடி" என்று தெருப் பிள்ளைகள் கேலி செய்தால் அதற்கும் பெருமைதான்.

ஒரு மழை நாளில் பள்ளிக்கூட வாசலில் அந்தக் கார் வந்து நின்றது. பங்களாப் பெண்ணுக்குக் காய்ச்சலாம், டாக்டரைக் கொண்டுபோய் விட்டுவிட்டுக் காலியாகத் திரும்பிய வண்டி. தோழிகள் வாய் பிளந்தார்கள். "யாருடி அது?"

"எங்க டிரைவர்" என்றாள், ராணி மாதிரி.

அவர் காதில் விழுந்தது. இறங்கி வந்து, குடை பிடித்து, பின்கதவைத் திறந்து, ஒரு சலாமும் வைத்தார். பின்சீட்டில் உட்கார்ந்து போனாள். வீட்டில் அதைப் பற்றி அவர் மூச்சுகூட விடவில்லை.

அவர் இறக்கிவிட்டுப் போன அம்மாவின் பெட்டியைத் திறந்தால் மேலாக அந்த மஞ்சள் கவுன்தான் கிடந்தது. அவள் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. இதை வெட்டிச் சின்னதாக ஒரு சட்டை தைக்கலாம் என்று கத்தியை எடுத்துத் தோள் தையலைப் பிரித்தாள். கை நின்றுவிட்டது.

ஒருத்தி உடுப்பைப் பிரித்து இன்னொருத்திக்குத் தைத்தால் பழைய ஊசித் துளைகள் வரிசையாகக் காட்டிக்கொடுத்துவிடும். இதில் ஒரே வரிசை. அப்படியென்றால் தைத்த நாளிலிருந்து யாரும் கை வைக்கவில்லை. துணியை மேசையில் விரித்தாள். இடது தோள் ஒரு விரல்கடை இறக்கி வெட்டியிருந்தது.

பங்களாப் பெண் நட்ட கம்பு மாதிரி நேராக நிற்பவள். அம்மாவோ பட்டன் தைக்கக்கூடத் தெரியாதவள். அப்படியானால் இது யாருக்கு அளவெடுத்த கவுன்?

கடையைப் பாதியில் பூட்டிவிட்டு, ஒரு வாடகைக் காரைப் பிடித்துக்கொண்டு ஷெட் அறைக்குப் போனாள்.

டிரைவர் ஒரு பையில் சட்டைகளைத் திணித்துக்கொண்டிருந்தார். அந்த அறைக்குள் முதல்முறையாகக் கால் வைத்ததுமே அந்த வாசனை முகத்தில் அடித்தது. அதே பங்களா வாசனை. அலமாரியில் கார் பாலிஷ் டப்பாக்கள் வரிசையாக இருந்தன. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது.

கவுனைக் கட்டிலில் போட்டாள். "இது யாரோடது?"

"பங்களாப் பாப்பாவோடது. பழசு."

"என்கிட்டயேவா? தையல்காரிகிட்டயே கதை விடுறீங்களா? தோளைப் பாருங்க."

அவர் பார்க்கவில்லை. காதைச் சொறிந்தார். "அந்த டெய்லர் அப்பவே கேட்டான், என்னய்யா இது, கோணலா வெட்டச் சொல்றியேன்னு. நீ வெட்டுடா, அது நேராத்தான் உக்காரும்னேன்."

"வெளுத்துப் போயிருந்துச்சே?"

"கார் கழுவுற இடத்துக் கல்லு மேல போட்டு அடி அடின்னு அடிச்சேன். அப்புறம் மொட்டை மாடி வெயில்ல காயவிட்டு, ஷெட்டுலயே வச்சிருந்து எடுத்துக் குடுத்தேன். நான் வாங்குனா நீ தொட மாட்டியே. உங்கம்மாவும் கூட்டுதான். ஒரு தடவை சாயம் சரியாப் போகலைன்னு எனக்குத் திட்டு விழுந்துச்சு."

"எல்லா கவுனுமா?"

"அந்தப் பாப்பா கவுனெல்லாம் அதோட சித்தி பிள்ளைங்களுக்குப் போயிரும். நமக்கு எங்க வரும்?"

அவள் அவருடைய கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டாள். எத்தனை கவுன், அத்தனையும் அவளுக்கென்றே அளவெடுத்தவை. யார் வீட்டு மிச்சமும் இல்லை. இத்தனை வருடம் பங்களா என்று அவள் மூச்சிழுத்ததெல்லாம் இந்த மனிதரைத்தான்.

"கிளம்புங்க, வீட்டுக்குப் போகலாம்" என்றாள்.

"வேணாம்மா. லாட்ஜுல சொல்லிட்டேன். நான் யாருக்கும் பாரமா..."

"புதுசா எதுவும் தரலை. ஒரு பழைய ரூம். பழைய கட்டில். ஃபேன் கடகடன்னு சத்தம் போடும். பொண்ணும் பழசுதான், ஒரு தோள் கோணல். பழசுன்னா வாங்கிக்கலாம்ல? நான் வாங்கிக்கல?"

அவர் பையின் வாரை முறுக்கினார். பிறகு, "ஃபேனுக்கு எண்ணெய் விட்டா சத்தம் நின்னுரும்" என்றார். பாலிஷ் டப்பா ஒன்றை எடுத்துப் பையில் போட்டார்.

வெளியே வந்ததும் வாடகைக் காரின் முன்கதவுக்குப் போனார். அவள் முந்திக்கொண்டு பின்கதவைத் திறந்து பிடித்தாள். ஒரு சலாமும் வைத்தாள். அவருக்குப் புரிந்துவிட்டது. "போம்மா, கிண்டல் பண்ணிக்கிட்டு" என்று முணுமுணுத்தபடி உள்ளே நகர்ந்து இடம் விட்டார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வண்டி ஓட்டுகிற பையன் கண்ணாடியில் பார்த்தான். "பெரியவர் யாருக்கா?"

"எங்க அப்பா."

பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு திருப்பம் தாண்டியதும் முன்சீட்டுப் பக்கம் குனிந்தார்.

"தம்பி, கிளட்சு மேல காலை வச்சுக்கிட்டே ஓட்டாதப்பா. வண்டி பாவம்."