பாக்கியம் அக்காவின் உள்ளங்கை

பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்க வரிசையில் நின்றபோதுதான் செய்தி வந்தது. நெஞ்சு வலிக்கிறது என்று காலையில் லீவு சொல்லிவிட்டுப் போன பாக்கியம் அக்கா, கூடலூர் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். முதலில் யாரும் அழவில்லை. சாக்குகளைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றோம்.

எஸ்டேட்டில் நம் டிவிஷனில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. எனக்கு அவர் செய்ததை நான் சொல்ல வேண்டும். நாலு பேர் முன்னால் பேச வராது என்பதால் எழுதுகிறேன்.

பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, அவருக்குப் பக்கத்து நிரையில் கொழுந்து பறிக்க வந்த புதிது. சுற்றுலா வந்த ஒருவர் போனை நீட்டிக்கொண்டு பேர் என்ன, எந்த ஊர், ஏன் படிப்பை விட்டாய் என்று கேட்டார். யாராவது கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க எனக்குத் தெரியாது. சொல்லிக்கொண்டே போனேன். அக்காவின் கை நீண்டு வந்து கேமராவை மூடியது. "போதுங்க, கெளம்புங்க."

படம் எடுத்தவர் அக்கா கை மூடியதையும் சேர்த்தே இணையத்தில் போட்டார். கீழே என் பேர், எஸ்டேட் பேர், 'பாவப்பட்ட பெண்' என்று ஒரு வரி. சில நாளில் தேவாலா பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத ஒருவன் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். பிறகு நாங்கள் குடியிருக்கும் எஸ்டேட் லைன் வீட்டு வாசலுக்கே ஆள் தேடி வந்தது. நான் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

வீடியோவின் இரண்டாம் பாகம் எடுக்க அந்தச் சுற்றுலாக்காரர் மறுபடி வந்தார். அக்கா வழியை மறித்தார்.

"நல்லதுக்குத்தாங்க்கா போட்டேன். பாத்துட்டு நாலு பேரு உதவுவாங்க."

"உதவி வேணும்னு அவ கேட்டாளுங்களா? உங்க ஊட்டுப் பொண்ணு பேரும் ஊரும் போட்டு இதே மாதிரி ஒண்ணு எடுத்து உடுங்க தம்பி. நாங்களும் பாத்துப் பாவப்படறோம்."

பின்னால் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவர் அங்கேயே வீடியோவை அழித்தார்.

ஆனால் அதற்குள் யார் யாரோ அதை எடுத்துத் தங்கள் பக்கங்களில் போட்டிருந்தார்கள். ஒன்றை நீக்கச் சொன்னால் இன்னொன்று வந்தது. நான் அழுதேன். அக்கா சொன்னார்: "அதுல நிக்கறது அன்னிக்கு இருந்த புள்ளடி. இன்னிக்கு இருக்கற புள்ள நாளைக்கு வேலைக்கு வரட்டும்."

போனேன். அன்றிலிருந்துதான் யாராவது போனைத் தூக்கினால் "முதுகு!" என்று ஒரு குரல் எழும், நாம் எல்லோரும் திரும்பி நிற்போம். "முதுகுக்குப் பேரும் இல்ல, ஊரும் இல்ல" என்பார் அக்கா. இன்று பக்கத்து எஸ்டேட்டிலும் அப்படித்தான் நிற்கிறார்கள். அதைத் தொடங்கியவர் நம் அக்கா.

அதனால்தான் இரங்கல் போஸ்டருக்கு அவர் படம் யாரிடமும் இல்லை. அடையாள அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கினார்கள். "அம்மா நல்லா இருக்கற மாதிரி ஒண்ணுகூட இல்லியே" என்றான் அவர் மகன். அன்றுதான் முதன்முதலாக அந்த வீடியோவை நானே தேடி எடுத்தேன். கடைசியில், கொழுந்துக் கறை ஏறிய உள்ளங்கை திரையை நிறைத்தது. கூடவே அந்தக் குரல்.

"அம்மா கைதான்" என்றான். "இன்னொரு வாட்டி போடு."

இனி அதை நீக்கச் சொல்லி நான் யாரையும் கேட்கப்போவதில்லை. என்னைப் பார்க்க யார் அதைத் திறந்தாலும், கடைசியில் அக்காவின் கை வரும்.