மார்கழி முடியட்டும் என்று வைத்திருந்த கடிதம்

அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதியைப் பற்றி நான் பேசியிருக்க வேண்டிய பேச்சை நான் பேசவேயில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் தொண்டை கட்டிவிட்டது என்று புளுகினேன். இனி எதற்குப் புளுக வேண்டும்?

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பிலிருந்து ரிட்டையரான நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிறோம். வாசகர் வட்டம் என்று பெரிதாகப் பெயர் வைத்திருக்கிறோம். காபியும் வம்பும்தான் அதிகம். ஆளுக்கொரு உலகத் தலைவரைப் பற்றிப் பேச வேண்டும் என்று சீட்டுக் குலுக்கியதில் எனக்கு இந்த ஆள் வந்தார். முதல் ஜனாதிபதி என்றாலாவது நாலு வார்த்தை சொல்லிச் சமாளித்திருப்பேன். இரண்டாமவரை யார் கேட்டார்கள்? தை மாதக் கூட்டத்தில் என் முறை. திட்டிக்கொண்டே லைப்ரரியில் தடிப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்தேன்.

படிக்கப் படிக்க மனிதரைப் பிடித்துப்போனது. விவசாயி மகன். குள்ளம், குண்டு, என்னைப் போலவே முன்கோபி. சொந்த ஊர்க்காரர்களைச் சுட்டுக் கொன்ற பிரிட்டிஷ் சிப்பாய்களுக்காக வாதாட ஒரு வக்கீலும் வராதபோது, நியாயம் எல்லாருக்கும் உண்டு என்று இவர் போய் நின்றார். ஊரே காறித் துப்பியது. பிறகு அதே பிரிட்டிஷ்காரனிடமிருந்து விடுதலை வேண்டும் என்று சபையில் தொண்டை கிழியக் கத்தியவரும் இவர்தான். விடுதலைப் பிரகடனத்தை எழுதும் வேலையைத் தன்னைவிட இளையவரான ஒரு நண்பரிடம் கொடுத்தார், அவருக்குத்தான் எழுத்து வரும் என்று. கடல் கடந்து போய் நாட்டுக்குக் கடன் வாங்கி வந்தார். ஜனாதிபதி ஆனதும், பிரான்சோடு சண்டைக்குப் போகலாம் என்று சொந்தக் கட்சிக்காரர்களே குதித்தபோது, முடியாது என்று சமாதானம் பேசினார். அடுத்த தேர்தலில் தோற்றார். ஜெயித்தது யார்? அந்த நண்பர்தான். நண்பர் பதவியேற்ற அன்று, விடியும் முன்பே வண்டி ஏறி ஊருக்குப் போய்விட்டார் இவர்.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்றாள்.

நானும் அதைத்தான் செய்திருந்தேன். இருபத்திரண்டு வருடம் முன்பு எங்கள் யூனியனின் கிளைச் செயலாளர் தேர்தலில் நானும் என் நண்பனும் எதிரெதிராக நின்றோம். அப்ரண்டிஸ் காலத்திலிருந்து ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள் நாங்கள். ஸ்டிரைக் வேண்டாம், பேசித் தீர்க்கலாம் என்றேன் நான். அவன் ஸ்டிரைக் என்றான். அவன் ஜெயித்தான். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. ரிசல்ட் வந்த மறுநாள் கேட் மீட்டிங்கில், தோற்றவர் மேடையேறி ஜெயித்தவருக்குக் கைகொடுக்க வேண்டும். எத்தனை அடித்துக்கொண்டாலும் அதோடு எல்லாம் முடிந்தது என்று அர்த்தம். நான் லீவு போட்டுவிட்டு முதல் பஸ் பிடித்து லால்குடியில் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டேன். மைக்கைத் தொடாமல் அவன் அரை மணி நேரம் காத்திருந்தானாம். "இருங்கப்பா, அவன் வருவான்" என்றானாம். பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகும் நான் போய்ப் பேசவில்லை. ஒரே ஷிஃப்டில் இருந்துகொண்டு, அவன் சைக்கிள் வரும் பாதையை விட்டு வேறு பாதையில் போய்க்கொண்டிருந்தேன். ரிட்டையரானதும் அவன் ஸ்ரீரங்கத்தில் வீடு வாங்கிக்கொண்டு போனான். வெட்கம்கெட்டவன் நான், புதுமனைப் புகுவிழாவுக்கும் போகவில்லை.

மறுநாள் மிச்சத்தைப் படித்தேன். அமெரிக்க நண்பர்கள் பதினோரு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு ஜனவரி முதல் தேதி, தோற்ற கிழவரே முதலில் கடிதம் எழுதினார். அங்கிருந்து பதில் வந்தது. அப்புறம் பதினான்கு வருடம் எழுதித் தள்ளினார்கள். கடைசியில் ஒரே நாளில், அதுவும் சுதந்திர தினத்தன்று, சில மணி நேர இடைவெளியில் இருவரும் போய்ச் சேர்ந்தார்கள். நண்பர் முந்திக்கொண்டது தெரியாமலே இவர் கண்ணை மூடினார். அழுதுவிட்டேன். அறுபத்தேழு வயதில், எவனோ ஒரு வெள்ளைக்காரனுக்காக.

ஜனவரி ஒன்றாம் தேதி நானும் உட்கார்ந்து என் நண்பனுக்கு எழுதினேன். ஒரே பக்கம்தான். மூன்று தாளைக் கிழித்துப் போட்ட பிறகு வந்த ஒரு பக்கம். கவரில் போட்டு, ஒட்டி, ஸ்டாம்பும் ஒட்டினேன். அப்புறம் காலண்டரைப் பார்த்தேன். மார்கழி.

மார்கழியில் நல்ல காரியம் எதையும் தொடங்க மாட்டோம். பெண் பார்க்க மாட்டோம், வீடு குடிபோக மாட்டோம். அறுந்த சிநேகத்தை ஒட்டவைப்பது நல்ல காரியம் இல்லையா? தை பிறக்கட்டும் என்று கவரை அலமாரியில் வைத்தேன்.

"நல்லா இருக்கே கதை! மார்கழியிலதான் ஊரே கோயிலுக்குப் போவுது. நீங்க போஸ்ட் ஆபீஸ் வரைக்கும் போகக் கூடாதாக்கும்?" என்றாள் மனைவி.

"உனக்கு ஒண்ணும் தெரியாது. இன்னும் ரெண்டு வாரம்தானே?" என்று எரிந்து விழுந்தேன்.

உண்மையைச் சொல்கிறேன். மார்கழி பாதிக் காரணம்தான். இருபத்திரண்டு வருட வீம்புக்கு இன்னும் இரண்டு வாரம் தவணை கேட்டது என் மனசு. அமெரிக்கக் கிழவருக்கு மார்கழி கிடையாது. எனக்கு இருந்தது.

பொங்கலுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, காலையில் பழைய ஒர்க்‌ஷாப் ஆள் ஒருவர் போன் செய்தார். என் நண்பனுக்கு விடியற்காலையில் மாரடைப்பு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றார். ஸ்ரீரங்கத்துக்கு ஓடினேன். கூட்டத்தில் யாரும் என்னைக் கவனிக்கவில்லை. கைகட்டி ஓரமாக நின்றுவிட்டு வந்தேன். இரண்டு நாள் கழித்துக் கவரை எடுத்துக்கொண்டு மறுபடி போனேன்.

அவன் மனைவி என்னை அடையாளம் கண்டுகொள்ள ஒரு நிமிஷம் ஆயிற்று. "வாங்கண்ணே" என்றாள். அழவில்லை. கவரை நீட்டினேன். ஸ்டாம்பைப் பார்த்தாள், தபால் முத்திரை இல்லாததையும் பார்த்தாள்.

"எப்ப எழுதினீங்க?"

"ஒண்ணாம் தேதி."

"அப்ப அவரு இருந்தாரேண்ணே."

"மார்கழியா இருக்கேன்னுதான் தங்கச்சி…" என்றேன். 

அவள் கவரைப் பிரித்து, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, வாய்விட்டுப் படித்தாள். ஒவ்வொரு வரியாகப் படித்து, ஒவ்வொன்றுக்கும் அவளே பதில் சொன்னாள்.

"'முட்டி வலி எப்படி இருக்கிறது?' மாடி ஏறுறதையே விட்டுட்டாருண்ணே. 'உன் பெண் எந்த ஊரில் இருக்கிறாள்?' ஓசூர்ல. ரெண்டு குழந்தைங்க. 'இன்னும் காபிக்குச் சர்க்கரை அள்ளிப் போடுகிறாயா?' டாக்டர் நிப்பாட்டிட்டாரு. திருட்டுத்தனமா போட்டுப்பாரு."

அடுத்த வரியில் நின்றாள். "'என்மேல் இன்னும் கோபமா?'"

தாளை மடியில் வைத்துக்கொண்டாள். "இருந்துச்சுண்ணே. இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். தேர்தல்ல நின்னதுக்கு இல்லை. அன்னிக்குக் கேட் மீட்டிங்குக்கு வராம போனீங்களே, அதுக்கு. ஆனா நீங்க வந்தா உள்ள கூப்பிட்டிருப்பாரு."

தாளை எடுத்துக் கடைசி வரியையும் படித்தாள். "'தை முதல் நாள் உன் வீட்டுக்குப் பொங்கல் சாப்பிட வரட்டுமா?'"

கண்ணாடியைக் கழற்றினாள். அப்போதுதான் அழுதாள்.

"இந்த வருஷம் எங்களுக்குப் பொங்கல் கிடையாதுண்ணே."