அண்ணன் சொன்ன பதில்

பல் மருத்துவமனைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அவளைச் 'சின்ன டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். கேலியாக ஆரம்பித்த பெயர், போகப்போக ஒட்டிக்கொண்டது. பெரிய டாக்டர் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். இருவரில் ஒருவரைத்தான் பெரிய படிப்பு படிக்கவைக்க முடியும் என்று வந்தபோது வீட்டில் யாரும் யோசிக்கவே இல்லை. அவன் பல் மருத்துவம் போனான். அவள் விலங்கியலில் ஒரு பட்டம் வாங்கினாள், கல்யாணம் செய்துகொண்டாள், மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் அண்ணனுக்கு ஒத்தாசையாக வந்து நின்றாள். நின்றவள் நின்றவள்தான்.

அந்த அறையில் அவளுக்கு உட்கார இடமில்லை. நோயாளியின் நாற்காலிக்கு இடப்பக்கம், சுவருக்கும் கருவித் தட்டுக்கும் நடுவே ஒருக்களித்து நிற்பாள். ஒரு கையில் எச்சில் உறிஞ்சும் குழாய், மறு கையில் நாக்கை ஒதுக்கும் கண்ணாடி. "நீ ஒரு நாள் வரலைன்னாலும் எனக்குக் கை ஓடாதும்மா" என்பான் அண்ணன். கேட்கப் பெருமையாக இருக்கும். மூச்சு முட்டுவது போலவும் இருக்கும்.

ஏற்கெனவே பட்டம் வாங்கியவர்களும் பல் மருத்துவம் சேரலாம், வயது தடையில்லை என்று ஒரு கல்லூரி அறிவித்தது. அவள் யாரிடமும் மூச்சுவிடாமல் விண்ணப்பித்தாள். அடுப்படியில் நின்றபடியே படித்து நுழைவுத் தேர்வில் தேறியும் விட்டாள். கணவனிடம் மட்டும் சொன்னாள். நாளெல்லாம் பேருந்து ஓட்டிக் களைத்து வந்திருந்தவன், "உங்க அண்ணன்கிட்ட சொல்லிட்டியா?" என்றான்.

"சொல்லணும்."

காலையில் சொல்லலாம் என்று போவாள், கூட்டம் நெரியும். மாலையில் அண்ணன் முகம் வாடிக் கிடக்கும். இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனது.

அதற்குள், விண்ணப்பத்தில் அவள் எழுதியிருந்த வேலை அனுபவத்தை விசாரிக்கக் கல்லூரியிலிருந்தே மருத்துவமனைக்குப் போன் வந்துவிட்டது. அண்ணன் ஒரு முதியவருக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். வரவேற்பில் இருக்கும் பெண் ஸ்பீக்கரைப் போட்டு அவன் காதருகே பிடித்தாள். கல்லூரி அலுவலர் அவளுக்கு இடம் கிடைத்திருப்பதைச் சொல்லி, சேர வருவாளா என்றும் கேட்டார்.

அண்ணன் அவளைத் திரும்பிப் பார்த்தான். கோபமில்லை, பரிதாபம்தான் இருந்தது அந்தப் பார்வையில்.

"கெட்டிக்காரிதான் மேடம், சந்தேகமே இல்ல. ஆனா அவளால வர முடியாது. பொண்ணு பன்னிரண்டாவது படிக்கறா. ஏதோ ஆசைல போட்டுட்டா போல. அந்த இடத்த வேற யாருக்காவது குடுத்துடுங்க."

முதியவரின் வாயில் ரத்தம் ஊறிக்கொண்டிருந்தது. குழாயை எடுத்தால் தொண்டைக்குள் போய்விடும். கைதான் மாட்டிக்கொண்டிருந்தது, அவள் வாய் சும்மாதான் இருந்தது. 'நான் வரேன்' என்றால் போதும். நோயாளி முன்னால் டாக்டர் பேச்சில் குறுக்கிடக் கூடாது என்று பழகிய வாய், திறக்கவில்லை. போன் துண்டானது. முதியவர் எழுந்துகொள்ள, அடுத்தவர் வந்து உட்கார்ந்துவிட்டார். அவருக்குப் பிறகு இன்னொருவர்.

மதிய இடைவேளையில்தான் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு ஓடிக் கல்லூரியைக் கூப்பிட்டாள்.

"அவர் சொன்னது அவரோட நினைப்பு மேடம். நான் கண்டிப்பா வரேன்."

"அச்சச்சோ, இன்னிக்குதான் கடைசி நாள். காத்திருந்த ஒருத்தங்களுக்குக் குடுத்துட்டோமே. அடுத்த வருஷம் எழுதுங்களேன்" என்றார் அந்த அம்மாள், தன்மையாகத்தான்.

அவள் திரும்பி வந்தபோது அண்ணன் சாப்பிடாமல் காத்திருந்தான். "கோவமா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல. உன் நல்லதுக்குதானே சொன்னேன்."

உண்மையிலேயே அப்படி நினைத்துத்தான் சொன்னான்.

"அடுத்த வருஷம் மறுபடியும் எழுதப்போறேன் அண்ணா. என்னைப் பத்திக் கேட்டா நானே பதில் சொல்லிக்கறேன்."

"பாக்கலாம்மா" என்று தட்டை அவள் பக்கம் நகர்த்தினான்.

அப்பா காலத்திலிருந்தே அவர்கள் வீட்டில் 'பாக்கலாம்' என்றால் இல்லை என்று அர்த்தம். அவள் இரண்டு வாய் சாப்பிட்டாள். வெளியே யாரோ பல்வலி தாங்காமல் முனகினார்கள். கை கழுவி, புதுக் கையுறையை மாட்டிக்கொண்டு, உள்ளே வரச்சொல்லிக் கூப்பிட்டாள்.