ஒன்பதாவது துளை

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். தர்மபுரியைச் சுற்றி வயரிங் வேலை செய்கிறேன். எனக்குப் பயம் அதிகம். ஒரு ஸ்குரூவை முறுக்கிவிட்டு வந்தால், பாப்பாரப்பட்டி தாண்டுவதற்குள் சரியாக முறுக்கினோமா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். வண்டியைத் திருப்பிப் போய் இன்னொரு தடவை தொட்டுப் பார்ப்பேன். கூட வேலை செய்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நான் வயரிங் செய்த பலகைச் சீலிங்குக்கு மேலே, வயரைச் சும்மா முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்ட் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் பெட்டிக்குள், கனெக்டரில்தான். மூடிவிட்டால் யாருக்குத் தெரியும் என்பார்கள். எனக்குத் தெரியுமே.

இண்டூர் பக்கம் ஒரு புது வீட்டு வேலை. அந்த வீட்டு அக்காவின் கணவர் புளி உலுக்க மரமேறி விழுந்தவர். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை; நான்கு வருடமாக மல்லாந்தே கிடக்கிறார். எதிரில் இருந்த பழைய ஓட்டு வீட்டில் அவர் கட்டில் கிடந்தது. பெங்களூரிலிருந்து வந்த டிசைனர் ஹால் சீலிங்குக்கு ஒன்பது விளக்கு போட்டிருந்தார். மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று. பலகையோடு பலகையாகப் பதியும் தட்டை விளக்கு. எங்கெங்கே துளை என்று பென்சிலால் வட்டமும் போட்டுவிட்டார்.

அறுப்பதற்கு முன்னால் நான் தரையில் மல்லாந்து படுத்தேன். எங்கே வேலை செய்தாலும் அப்படித்தான். விளக்கை எல்லாரும் நின்றுகொண்டு தேர்ந்தெடுக்கிறார்கள். சாப்பிட்டு முடித்ததும் ஹாலில் பாயை விரித்துச் சாய்கிற ஊர் இது. சாய்ந்தவன் கண்ணுக்கு அந்தத் தட்டை விளக்கு வெல்டிங் வெளிச்சம்.

"என்னாங்க, தூக்கமா?" என்றார் டிசைனர்.

நான் அக்காவிடம் கேட்டேன். "அண்ணன் கட்டில எங்கக்கா போடுவீங்க?"

"அந்தச் சன்னலோரமா, தம்பி. அவுருக்கு ரோட்ட பாக்கணுமாம்."

சன்னல் பக்க வரிசையின் நடு வட்டம், நேராகத் தலைமாட்டுக்கு மேலே இருந்தது. எழுந்து உட்கார்ந்தேன்.

"இந்தத் தொளைய நா போட மாட்டன் சார்."

"ஒன்னு விட்டா சிமெட்ரி போயிடும். சிமெட்ரின்னா தெரியுமா?"

"தெரியாதுங்க. நாளெல்லாம் அண்ணாந்து கெடக்கறவரு கண்ணு கூசும்னு தெரியும்."

"வேற ஆளக் கூப்புடட்டுமா?"

அவர் கையில் இன்னும் இரண்டு வீட்டு வேலை இருந்தது. இரண்டையும் எனக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். அறுக்கும் பிளேடைக் கழற்றிப் பைக்குள் போட்டேன்.

"கூப்புடுங்க சார். நா அறுக்க மாட்டன்."

அக்காதான் பாவம், இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "பால் காய்ச்ச வர்ற ஜனம் ஒன்னு கொறையுதேன்னு கேக்குமே, தம்பி?"

"என்னக் காட்டி வுடுங்கக்கா. மொதல்ல அண்ணனக் கேப்போம்."

அதுவரை யாரும் அவரைக் கேட்கவில்லை. எதிர்வீட்டுக் கட்டிலருகே போய் நின்றோம். அவர் டிசைனரை மேலும் கீழும் பார்த்தார்.

"வூடு கட்டறது நீங்க. மோட்டுவளையப் பாக்கறது நானு. என் தல மேல லைட்டு வேணாம். சுவிட்சு மட்டும் என் கைக்கு எட்டட்டும். வெளக்கப் போடுன்னு நாலு வருசமா கத்திக்கினு இருக்கறன்."

டிசைனர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

மற்ற எட்டுக்கும் தட்டை விளக்கு வேண்டாம் என்று அக்காவைத் தர்மபுரிக் கடைக்கு அழைத்துப்போனேன். கடைக்காரர் ஏணியில் ஏறி தட்டை விளக்கையும் குழி விளக்கையும் எரித்துக் காட்ட, நான் கடைத் தரையிலேயே படுத்தேன்.

"என்னாண்ணா, மயக்கமா? சோடா சொல்லட்டா?" என்றார் அவர்.

நான்கு பேர் சிரித்தார்கள். நான் எழவில்லை. குழிக்குள்ளே பல்பு ஆழமாகத் தள்ளி இருந்த வகைதான் கண்ணைக் குத்தவில்லை. அக்கா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சேலையை இழுத்துக்கொண்டு தானும் குனிந்து அண்ணாந்து பார்த்தார். "ஆமாந்தம்பி, இதே போட்டுரு" என்றார்.

எட்டு விளக்கு. கட்டிலோரச் சுவரில், அவர் வலது கைக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச் பெட்டி. அந்தச் சுவிட்சைத் தொட்டுப் பார்க்க மட்டும் மூன்று தடவை பாதி வழியிலிருந்து திரும்பினேன்.

பால் காய்ச்சிய அன்று ஹால் நிறைய ஆட்கள். வேட்டி மடித்துக் கட்டிய சொந்தக்காரர் ஒருவர் அண்ணாந்து எண்ணினார். "எவன்டா வயரிங் பண்ணவன்? ஒன்ன மறந்துட்டானே!"

"நாந்தானுங்க. மறக்கல" என்றேன். குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது.

"நாந்தான் வேணாம்னன் மாமா" என்றார் கட்டிலில் இருந்தவர். கையை நீட்டி எட்டையும் அணைத்தார். பிறகு போட்டார். மறுபடி அணைத்தார். யாரையும் கூப்பிடவில்லை.

அந்த டிசைனர் அந்த இரண்டு வீட்டையும் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். கொடுக்கட்டும். இன்றைக்கும் நான் தரையில் படுத்துப் பார்த்துவிட்டுத்தான் துளை போடுகிறேன்.