பெருநாளை எடுத்துக்கொள், ஜூலையைக் கொடு

அபுதாபி முசஃபாவில் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஊர் லீவைச் சீட்டுக் குலுக்கித்தான் பிரிப்பார்கள். ஃபோர்மேனின் ஹெல்மெட்டுக்குள் கைவிட்டு எடுக்க வேண்டும். எந்த மாதம் வருகிறதோ அது நம் முறை. வெற்றுச் சீட்டு வந்தால் அந்த வருஷம் ஊர் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் அம்மா இறந்தபோது என்னிடம் இருந்தது வெற்றுச் சீட்டு. கூட வெல்டிங் செய்யும் கீழக்கரைத் தம்பி தன் முறையை எனக்குக் கொடுத்தான். "அடுத்த வருஷம் நம்ம ரெண்டு சீட்டுல எது நல்லதோ அத நான் எடுத்துக்கிறேன், அண்ணே" என்றான். சரி என்றேன்.

மறுவருஷம் எனக்குப் பெருநாள் மாதம் வந்தது, அவனுக்கு ஜூலை. ஜூலையில் என் மகளுக்குப் பிரசவம். மாற்றிக்கொண்டால் இருவருக்கும் நல்லது என்றுதான் நினைத்தேன். அவனோ, "உங்க பெருநாள் எனக்கு. என் ஜூலைய மச்சானுக்குக் குடுத்துட்டேன்" என்றான். வெற்றுச் சீட்டு எடுத்த அவன் மச்சானும் எங்களோடுதான் வேலை பார்க்கிறான்.

"அப்ப எனக்கு?"

"நீங்கதான் போன வருஷமே போயிட்டு வந்தீங்களே!"

நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. எழுந்து போய்விட்டேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் பிலிப்பைன்ஸ்காரப் பெயின்டர் பக்கத்தில் உட்கார்ந்தேன். போனில் கூடைப்பந்து பார்த்துக்கொண்டு, தன் அணி இடத்தை மாற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டு கெட்டது என்று புலம்பினார். என்ன மாற்றம் என்று கேட்டேன். அமெரிக்காவில் அணிகள் வருஷாவருஷம் புது ஆட்டக்காரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்குமாம். தோற்ற அணிகளுக்கு முன்வரிசை, அதிலும் முதல் சில இடங்களுக்குக் குலுக்கல். இன்று ஒரு நல்ல ஆட்டக்காரரை வாங்கும் அணி, பதிலுக்கு வரும் வருஷத்து இடத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையைக் கொடுக்கும். உரிமை வாங்கிய அணி, எதிராளியின் இடம் மேலே இருந்தால் அதை எடுத்துக்கொண்டு தன் இடத்தைக் கொடுக்கும். தன்னுடையதே மேல் என்றால் பேசாமல் இருந்துவிடும்.

"தோனோ ரக்கேகா?" என்றேன். இரண்டையும் வைத்துக்கொள்ளலாமா?

"தோனோ மாஃபி, மை ஃப்ரெண்ட்! ஒன் டேக், ஒன் கிவ்!" என்று சிரித்தார். இரண்டும் கிடையாது, ஒன்றை எடுத்தால் ஒன்றைக் கொடுக்க வேண்டும். இடத்தை அப்படியே கொடுத்துவிடுவது வேறு பேரமாம், அதற்கு விலையும் அதிகமாம்.

நான் பேசியதும் மாற்றம்தான். தானம் இல்லை.

ஃபோர்மேன் மாதங்களை எழுத வந்தபோது எல்லார் முன்னாலும் எழுந்து நின்றேன்.

"தம்பி, பெருநாள எடுத்துக்க, ஜூலைய குடு. இல்லையா, உன்னோடது உனக்கு, என்னோடது எனக்கு. ரெண்டும் உனக்குக் கிடையாது."

"அண்ணே, நீங்களா பேசுறீங்க?"

மச்சான் குறுக்கே வந்தான். "பேரப்புள்ளைய போன்ல பாத்தா ஆகாதா?"

"ஆகாது."

கொஞ்சம் தமிழ் தெரிந்த ஃபோர்மேன் பேனாவைத் தட்டினார். "ஏக் லோ, ஏக் தோ. கலாஸ். யல்லா, போலோ!" ஒன்றை எடு, ஒன்றைக் கொடு, அவ்வளவுதான், சீக்கிரம் சொல் என்று அவசரப்படுத்தினார்.

தம்பி பெருநாளை எடுத்துக்கொண்டான். மச்சான் இன்றுவரை என் முகத்தைப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டாம். ஜூலையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் பேத்தியை முதலில் கையில் வாங்கியது நான்.

இந்த வருஷம் ஹெல்மெட் வருமுன் தம்பி பக்கத்தில் வந்தான். "அண்ணே, போன தடவ மாதிரியே சீட்டு மாத்திக்கிற பேச்சு ஒண்ணு வச்சுக்கலாமா?"

"வச்சுக்கலாம். மச்சானயும் கூப்பிடு, ஃபோர்மேன் முன்னாடி சத்தமா பேசிக்குவோம்" என்றேன்.