காருண்யம் பிடித்த சுண்டெலி

என் சின்னத் தங்கையின் வீட்டுக்காரருக்குத் தெருவில் 'காருண்யம்' என்று பெயர். வைத்தவர்கள் கிண்டலாகத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டம் என்று எடுத்துக்கொண்டார். ஒரு நாய்க்குட்டி சாலையைக் கடக்க வேண்டும் என்று லாரியைக் கை காட்டி நிறுத்தியதைப் பன்னிரண்டு வருஷம் சொன்ன மனுஷர். அவர் அப்பாவும் இதே ரகம்தான். எறும்பை மிதிக்காமல் ஒதுங்கி நடப்பார். பெண்டாட்டி காய்ச்சலில் கிடந்தால் சாப்பாடு ஏன் தாமதம் என்று கத்துவார். அப்பாவின் தம்பி ஒருத்தர் நல்ல மாதிரி. அவர் பிழைப்புத் தேடி எங்கேயோ போய்விட்டார்.

தொழில், புத்தக பைண்டிங். போர்டில் மாப்பிள்ளையின் பெயர். தாள் மடிப்பது, நூல் கோத்துத் தைப்பது, முதுகுக்குத் துணி ஒட்டுவது எல்லாம் என் தங்கை. அவர் பசை காய்ச்சுவார், பிரஸ்ஸின் திருகை முறுக்குவார், முடிந்த புத்தகத்தைத் தட்டிப் பார்த்து "ம்" என்பார்.

மைதாப் பசையில் கொஞ்சம் மயில்துத்தம் கலப்பார்கள். எலியும் பூச்சியும் வாய் வைக்காது. இவர் ஒரு நாள் அதை நிறுத்திவிட்டார். "ஒரு உயிரைக் கொல்றதுக்கு நான் பசை காய்ச்ச மாட்டேன்" என்றார். சுண்டெலி வந்தது. பந்தி விரித்தால் வராமல் என்ன செய்யும்?

நூலகத்துப் பழைய புத்தகங்களை நம்பித்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. முதுகு கடிபட்ட இரண்டு போய்ச் சேர்ந்ததும் நூலகத்து அம்மா தங்கையிடம் சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவை இப்படி வந்துச்சுன்னா நான் வேற ஆளைப் பாத்துக்குவேன்மா." அடுத்த புத்தகக் கட்டைச் சனிக்கிழமை கொடுக்க வேண்டும். நான் அங்கே போய் இறங்கியது செவ்வாய்க்கிழமை.

மாப்பிள்ளை கம்பிக் கூண்டு வாங்கி வேர்க்கடலை வைத்திருந்தார். அன்றைக்கே விழுந்தது. அப்புறம் ஊர்வலம்தான். சலூனில் காட்டினார், இஸ்திரிக்காரரிடம் காட்டினார், "கொல்ல எவனாலயும் முடியும்" என்று வாசலுக்கு வாசல் பிரசங்கம் செய்தார். தெருக்கோடி மரக்கடைச் சுவரோரம் திறந்துவிட்டு, திரும்பும்போதும் அதே வாசல்களில் அதே பிரசங்கம். சுண்டெலிக்கு வழியில் பேச ஆள் இல்லை. அவருக்கு முன்னாலேயே வீடு வந்து சேர்ந்திருக்கும்.

புதன்கிழமை காலையில் மறுபடியும் கூண்டில் சுண்டெலி.

"இது வேற எலி மச்சான்" என்றார் என்னிடம்.

தங்கை, புத்தக ஓரத்துக்குப் பூசும் சிவப்புச் சாயத்தைத் தொட்டு, கம்பிக்கு வெளியே நீண்டிருந்த வாலில் ஒரு இழுப்பு இழுத்தாள். மறுபடி ஊர்வலம், மறுபடி மரக்கடை. வியாழக்கிழமை கூண்டுக்குள் சிவப்பு வால்.

"இதுவும் வேற எலியா? வரும்போதே சாயம் பூசிக்கிட்டு வந்துச்சாக்கும்?" என்றாள் தங்கை.

"அதுக்கு என் மேல ஒரு பாசம். விட்டுப் போக மனசில்ல."

"உங்க மேல இல்ல, நீங்க காய்ச்சுற பசை மேல."

இந்தத் தடவை பஸ்ஸில் கொண்டுபோவதாகத் திட்டம். வழியனுப்ப சலூனில் நாலு பேரைச் சொல்லி வைத்திருந்தார். அவர் கூண்டைத் தூக்கும்போது தங்கை குனிந்து உற்றுப் பார்த்தாள்.

"ஏங்க, இது பால் குடுக்குது. காம்பைச் சுத்தி முடியே இல்ல பாருங்க. குட்டி இங்கதான் எங்கயோ கெடக்கு."

"குட்டிங்க தானா பொழச்சுக்கும். அங்க எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க."

"கண்ணு தொறக்காதது எப்படிப் பொழைக்கும்? கொல்ல மாட்டேன் கொல்ல மாட்டேன்னு ஒரு குடும்பத்தையே கொல்லப் போறீங்களா?"

கூண்டை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.  

நானும் அவளும் பிரஸ்ஸை நகர்த்தினோம். பின்னால் துணிச் சுருளுக்குள் பஞ்சு மாதிரி கிழித்த தாள். நடுவில் ஆறு குட்டிகள், ரோஸ் நிறத்தில், ரோமம்கூட முளைக்கவில்லை. தாளில் ஒரு துண்டைத் தங்கை எடுத்துப் பார்த்தாள். நூலகத்துப் புத்தகம் ஒன்றின் கடைசி மூன்று பக்கங்கள்.

"அந்தப் புத்தகத்தைக் கட்டுக்கு நடுவுல சொருகிடு. யாரு பிரிச்சுப் பாக்கப் போறா?" என்றார் கருணைக்கடல்.

அவள் காதில் வாங்கவில்லை. கூட்டை அலுங்காமல் அட்டைத் துண்டில் அள்ளி, கதவைக் கொஞ்சமாகத் தூக்கிக் கூண்டுக்குள் தள்ளினாள். தாய் முதலில் மூலையில் ஒடுங்கியது, அப்புறம் போய்க் குட்டிகள்மேல் படுத்துக்கொண்டது. கடைசி நிறுத்தம் வரை பஸ்ஸில் போய், அதற்கும் அப்பால் ஒரு கல் குவியலோரம் புல்லுக்குள் விட்டுவிட்டு வந்தாள். வந்த கையோடு சுவரோட்டைகளைத் தகரம் வைத்து அடைத்தாள். பசையை மூடி போட்ட டப்பாவுக்கு மாற்றினாள். அவர் சலூனில் இருந்தார்.

சனிக்கிழமை மூன்று பேரும் நூலகத்துக்குப் போனோம். கடிபட்ட புத்தகத்தைத் தங்கை கட்டின் மேலேயே வைத்திருந்தாள்.

"அம்மா, இதுல மூணு பக்கம் போச்சு. எங்க வீட்டு எலிதான். இப்ப அது இல்ல, ஓட்டையெல்லாம் அடைச்சுட்டேன்."

அந்த அம்மா பக்கங்களைப் புரட்டினார். மாப்பிள்ளை முன்னால் வந்து தொண்டையைச் செருமினார். "ஒரு உயிர்னு பாத்தா..."

"நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க" என்றார் அம்மா. போய் உட்கார்ந்தார்.

"முன்ன வந்த ரெண்டையும் நான்தான் கண்டுபிடிச்சேன். இதை நீங்களே காட்டுறீங்க" என்று அந்த அம்மா தங்கையிடம் சொன்னார். "இன்னொரு பிரதி இருக்கு. மூணு பக்கத்தையும் நகல் எடுத்துத் தரேன், சேத்துத் தைச்சுடுங்க. ஆனா இனிமே வேலை உங்க பேருலதான். பசையும் நீங்கதான் காய்ச்சணும்."

தங்கை கையெழுத்துப் போட்டு அடுத்த கட்டை வாங்கினாள். நல்ல பாரம். ஆளுக்குப் பாதியாகத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தோம். பெஞ்சில் மாப்பிள்ளை காவலாளியிடம், ஆறு குட்டிகளையும் தன் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு பஸ் ஏறிய கதையை விரித்துக்கொண்டிருந்தார்.

"பாதி வழியில ஒண்ணு கண்ணைத் தொறந்து என்னையே பாத்துச்சு" என்றார்.