திதி வைக்காத பிள்ளை

வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் அருச்சனைத் தட்டை நீட்டினால் குருக்கள் ஐயா இரண்டே இரண்டு கேட்பார். பேர், நட்சத்திரம். அதைச் சொல்லவே எனக்கு நா எழாது. பின்னால் சனம் நிற்கும், முன்னால் அம்மன் நிற்கிறா. நான் சொல்வது எனக்கே கேட்காது. என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் அவர்தான் முன்னுக்கு நின்று பிள்ளைகள் இரண்டோடு எங்கள் நாலு பேரின் பேரையும் நட்சத்திரத்தையும் சொல்வார். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதோடு சரி.

கடல் வந்து அவரை எடுத்த பிறகு, சாவுத் துடக்குக் கழிந்து முதல் தடவை தனியாகப் போனேன். பழக்கத்தில் நாலு நட்சத்திரத்தையும் சொல்லிவிட்டேன். ஐயாவின் கை பூவோடு அப்படியே நின்றது. பிறகு மெதுவாக, "அவருக்கு இனி நட்சத்திரம் இல்லையம்மா, திதிதான்" என்றார். உயிரோடு இருக்கிறவருக்கு நட்சத்திரம், போனவருக்குத் திதி. சின்ன வயதிலிருந்தே தெரிந்ததுதான். ஆனாலும் ஒரு மனிசன் ஒன்றை விட்டு மற்றதுக்கு மாறிப் போகிறது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மற்ற மூன்று நட்சத்திரத்தையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன், கையை விட்டால் விழுந்துவிடும் என்பதுபோல.

அவருடைய திதியைப் பஞ்சாங்கத்தில் தேட வேண்டியதில்லை. மார்கழிப் பூரணை. இந்தக் கரையில் எத்தனையோ வீட்டுக்கு அதே திதிதான். அந்த நாளில் ஐயாமாரைப் பிடிக்க ஏலாது. ஒரு வீட்டில் மந்திரம் முடியுமுன்னே அடுத்த வீட்டுக்காரர் சைக்கிளோடு வாசல் படலையில் வந்து நிற்பார். வாழையிலைக்கு நற்பிட்டிமுனைப் பக்கம் போனாலும் கிழிந்த இலைதான் மிஞ்சியிருக்கும்.

அந்த நாள் திருவாதிரையை ஒட்டி வருகிறபடியால் மீன் மச்சம் சமைக்க மாட்டோம். மரக்கறிதான் படைப்போம். கடல் வந்த காலையிலும் அப்படித்தான். இவர் கோயிலால் வந்து, "இண்டைக்கு மரக்கறிதானே, மீன் வாங்க மாட்டன். வள்ளம் வந்திருக்கோ எண்டு சும்மா பாத்திட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுத்தான் கரைக்குப் போனார். மீனை வாங்காவிட்டாலும் பார்க்காமல் இருக்க அவரால் முடியாது.

மற்ற வீடுகளில் திதி முடிந்த அடுத்த நாள் மச்சப் படையல் வைப்பார்கள். போனவர் விரும்பித் தின்றதையெல்லாம் சமைத்து இலையில் வைத்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே போய் இருப்பார்கள். அவர் வந்து சாப்பிடட்டும் என்று. எங்கள் வீட்டில் அது நடக்கவில்லை. நான் கடல் மீனைத் தொடுவதை விட்டிருந்தேன். இவரையாவது நாங்கள் கண்டெடுத்து அடக்கம் செய்தோம். பக்கத்து வீட்டில் இரண்டு பிள்ளைகளைக் கண்டெடுக்கவே இல்லை. அதுக்குப் பிறகு ஒரு மீனை வெட்டி அதன் வயிற்றுக்குள் விரல் விட என்னால் ஆகவில்லை.

என் மகன் மேசன் வேலை. கடல் வந்த அடுத்த வருடம், கரையோரம் முழுக்க வீடு கட்டுகிறார்கள், நல்ல சம்பளம் என்று முல்லைத்தீவுப் பக்கம் போனான். போன கொஞ்சக் காலத்தில் சண்டை மூண்டு பாதை பூட்டியது. அங்கிருந்து எப்போதாவது யாருடைய போனிலாவது கதைப்பான். "அம்மா, சாப்பிட்டீங்களா?" என்றுதான் முதலில் கேட்பான். யுத்தம் முடிகிற வருடம் மாசியிலும் அதைத்தான் கேட்டான். நான் ஓம் என்றேன். நீ சாப்பிட்டாயா என்று கேட்க வாயெடுத்தேன், போன் நின்றுவிட்டது.

சண்டை முடிந்தபின் மகளும் நானும் வவுனியா முகாம்களுக்குப் போய்க் கம்பிக்கு வெளியே நின்று தேடினோம். ஒருவர் கண்டேன் என்றார். இன்னொருவர், அந்த ஆள் வேறு என்றார். அவ்வளவுதான். அதன் பிறகும் வெள்ளிக்கிழமைகளில் அவனுடைய பேரையும் சதய நட்சத்திரத்தையும் நான் விடவில்லை. ஐயா என்னைக் கண்டால் கேட்காமலே "சதயம்" என்று தொடங்கிவிடுவார். அதில் எனக்கு ஒரு ஆறுதல். ஐயாவுக்கும் அவன் நட்சத்திரத்தில்தான் இருக்கிறான்.

நாலைந்து வருடம் இப்படியே போனது. மகளுக்குக் கலியாணம் நடந்தது. கடலை விட்டுத் தள்ளிக் கட்டித் தந்த வீட்டில் மகளும் மருமகனும் நானும் இருந்தோம். மகளுக்கு ஒரு பிள்ளை தங்கி மூன்றாம் மாதத்தில் கலைந்தது. அடுத்ததும் அப்படியே. ஆஸ்பத்திரியில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். அவள் என்னைக் கூட்டிக்கொண்டு, தெய்வம் ஏறிக் குறிபார்த்துக் கட்டுச் சொல்கிற ஒரு அம்மாவிடம் போனாள்.

சின்னக் காளி கோயில். நல்ல கூட்டம். எங்கள் முறை வந்தபோது அந்த அம்மா வேப்பிலையை மகளின் தலையில் தட்டி, "வாசல்ல ஒரு ஆம்பிளை பசியோட நிக்கிறான். அவன் தின்னாம உன்ட வயித்தில ஒண்டும் தங்காது" என்றா. ஆர் என்று கேட்டிருக்கலாம். எல்லாரும் கேட்கிறார்கள். எனக்குத் தொண்டைவரைக்கும் வந்தது. அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஓட்டோவில் ஏறி இருந்ததும் மகள் தொடங்கினாள். "அம்மா, அது தம்பிதான்."

"எப்பிடிச் சொல்லிறாய்?"

"அப்பாக்கு வரிசா வரிசம் படைக்கிறம். தம்பிக்கு ஒரு இலை போட்டிருக்கமா? பசியோட நிக்க வேற ஆர் இருக்கா?"

"அப்பாக்குப் படைக்கிறம்தான். மரக்கறி. உன்ட அப்பா மரக்கறிச் சோத்தில வயிறு நிறைஞ்சு எழும்பினத நீ எப்பயாவது கண்டியா?"

ஓட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். மகள் சிரிக்கவில்லை.

"நீங்க வெள்ளிக்கு வெள்ளி நட்சத்திரம் சொல்லிக்கொண்டே இரிங்க. அவன் வாசல்ல நிண்டு கேட்டுக்கொண்டே பசி கிடக்கட்டும்."

அந்த வார்த்தை எனக்குள் போய் இருந்துகொண்டது. உயிரோடு இருக்கிறவனுக்கு இலை போட்டால் அவன் ஆயுள் குறையும் என்பார்கள். போனவனுக்குப் போடாமல் விட்டால் அந்த உயிர் மேலேயும் போகாது, எங்கேயும் தங்காது, வாசல் வாசலாகத் திரியும் என்பார்கள். இரண்டையும் நம்பித்தான் நான் வளர்ந்தேன். சோற்றைக் கையில் எடுத்தால் அவன் நிற்கிறானோ என்று படலைப் பக்கம் கண் போகும். எழும்பிப் போய்ப் பார்ப்பேன். மாடு நிற்கும். திரும்பி வந்தால் சோறு இறங்காது. கூட்டின முற்றத்தைத் திரும்பக் கூட்டுவேன். ஒரு இடத்தில் குந்த முடியவில்லை.

யோசித்து யோசித்து ஒன்றைப் பிடித்தேன். பசியோடு நிற்பது மகன் இல்லை, அவனுடைய அப்பாதான். கடல் வந்து போனதிலிருந்து கடல் மீன் கண்டிராத மனிசன். இவருக்கு மச்சப் படையல் வைத்துவிட்டால் மகளின் வயிற்றில் பிள்ளை தங்கும். என் பிள்ளையின் நட்சத்திரமும் தப்பும். அந்த மார்கழியில் மகளிடம், "திதி முடிஞ்ச அடுத்த நாள் அப்பாக்குப் பாரை மீன் ஆக்கிப் படைப்பம்" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரி" என்றாள். அவ்வளவு லேசாக அவள் சரி சொல்லுகிற ஆள் இல்லை.

எங்கள் ஒழுங்கையால் ஒரு மீன்கார நானா சைக்கிளில் போவார். கல்முனைக்குடி முஸ்லிம் ஆள். ஒவ்வொரு காலையும் எங்கள் படலையில் கூவுவார், நாய் குரைக்கும், அவர் போய்விடுவார். திதிக்கு முந்தின நாள் நான் படலையைத் திறந்து நின்றேன். அவர் பிரேக்கைப் பிடித்து இறங்கினார்.

"அல்லாஹ்வே. இந்த வாசல்ல நான் நாய்க்குத்தான் கூவித் திரியிறன் எண்டு நினைச்சன். மீன் தேவையா தங்கச்சி?"

"பாரை," என்றேன்.

"மார்கழிக் கடலில பாரையா? கடல் குமுறுது. குளத்து மீன் இரிக்கி, உசிரோட துடிக்கிது, பாருங்க."

"கடல் மீன்தான் வேணும். நாளைக்கில்ல, நாளையிண்டைக்கு." அதுக்குமேல் சொல்ல வரவில்லை. அவர் என் பொட்டில்லாத நெற்றியைப் பார்த்தார், அது என்ன நாள் என்று நினைத்துப் பார்த்திருப்பார். முகத்தில் இருந்த பகிடி போய்விட்டது.

"மச்சானுக்கா? சரி, எப்பிடியும் கொண்டு வாறன்." சைக்கிளைத் திருப்பினவர் நின்று, "மீன் என்னத்தத் திண்டிருக்கும் எண்டு நானும் அந்த நேரம் கொஞ்ச நாள் பெட்டியத் தூக்காம இரிந்தன் தங்கச்சி. பொறகு புள்ளையளுக்குப் பசிச்சிது" என்றார்.

திதி மரக்கறியோடு முடிந்தது. அடுத்த நாள் காலை அவர் சொன்னபடி வந்தார். பாரை ஒன்று, கைநீளம் இருக்கும், கண் மங்காதது. அதைத் தந்துவிட்டு இன்னொரு பையையும் நீட்டினார். "மகள் சொன்ன றாலும் இரிக்கி. நல்ல பெரிசு."

இறால் என் மகனுடைய சாப்பாடு. பொரித்து வைத்தால் சட்டியிலிருந்தே எடுத்துத் தின்று என்னிடம் அடி வாங்குவான். நான் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

"றால் ஆருக்கு, மகள்?"

"சும்மா. திங்கத்தான்," என்றாள், முகத்தைத் திருப்பாமல்.

அரிவாள்மணையை எடுத்துவைத்துப் பாரையை வெட்டினேன். வயிற்றுக்குள் விரல் விட்டேன். குடல்தான் இருந்தது, வேறொன்றும் இல்லை. இத்தனை வருடம் எதைப் பயந்தேனோ, அது இல்லை. பழப்புளி கரைத்துக் குழம்பாக ஆணம் வைத்தேன். பிறகு இறாலையும் நானே தோலுரித்து, மஞ்சளும் தூளும் போட்டுப் பிரட்டி, எண்ணெயில் போட்டேன். அந்த மணத்துக்கு என் கண் தன்பாட்டில் படலைப் பக்கம் போனது. மகளும் அடுப்படி வாசலில் நின்று அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பகல் கிட்டியது. நான் குளித்துவிட்டுத் தண்ணீர்ச் செம்போடு அறைக்குள் போனேன். பாய் விரித்திருந்தது, குத்துவிளக்கு எரிந்தது. இலை இரண்டு போட்டிருந்தது. ஒன்றில் சோறும் பாரைத் தலையும். மற்றதில் சோறும் பொரித்த இறாலும், பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீரும். மகள் முட்டுக்காலில் இருந்து சாம்பிராணிக்குத் தணல் ஊதிக்கொண்டிருந்தாள்.

"எடு அந்த இலைய," என்றேன்.

"அம்மா, ஒருக்காப் போட்டுப் பாப்பம். அவன் உசிரோட இருந்தா இதுவும் அப்பாக்கெண்டு போகட்டும். இல்லாட்டி அவன் தின்னட்டும். எனக்கு ஒரு பிள்ள வேணாமா? உங்கட பிள்ளைக்காக என்ட பிள்ளையளக் குடுத்துக்கொண்டே இருக்கட்டா?"

அவள் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. இலையைத் தூக்கி வெளியே போட்டால் அது சோற்றை எறிந்ததாகிவிடும், அவன் வாசலில் நின்றாலும் இல்லாவிட்டாலும் அவன் பேரில் போட்ட சோறு. அப்படியே விட்டால் அவன் திதிக்குப் போய்விடுவான். சாம்பிராணிப் புகை எழும்பியது. இனி நேரம் இல்லை.

நான் போய் அந்த இரண்டாவது இலைக்கு முன்னால் சம்மணம் கட்டி இருந்தேன். சோற்றைப் பிசைந்தேன். ஒரு இறாலை எடுத்து வாயில் வைத்தேன். கடல் வந்து போனதுக்குப் பிறகு முதல் தடவை. உப்பு, தூள், கடல், எல்லாம் நாக்கில் ஏறியது.

"அம்மா." மகள் தணல் சட்டியை வைத்துவிட்டாள். "எச்சிலாக்கிப் போட்டீங்க."

"ஓம். இது ஆள் இருந்து திண்ட இலை. படைச்ச இலை இல்ல."

அவள் எழும்பவில்லை. அழுதாளா, ஆத்திரமா என்று நான் பார்க்கவில்லை, வாயில் சோறு இருந்தது. மென்று மென்று விழுங்கினேன். கடைசி இறால்வரைக்கும் தின்றேன். ருசி என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு வாய்க்கும், என் பிள்ளையின் பசியை எடுத்துத் தின்கிறேனோ, இல்லை அவன் ஆயுளைக் காத்துக்கொடுக்கிறேனோ என்று நெஞ்சு அங்குமிங்கும் ஓடியது. இன்றைக்கும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இலையை என் பக்கமாக மடித்து எடுத்துக்கொண்டு எழும்பினேன்.

அவருக்குப் போட்ட இலைக்கு மகள் சாம்பிராணி காட்டினாள். பள்ளிவாசலில் பகல் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. அறைக் கதவைச் சாத்திவிட்டு இரண்டு பேரும் மாமரத்தடியில் வந்து இருந்தோம். அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு இருந்தாள். என் விரலில் இறால் மணம் போகவில்லை.

கொஞ்ச நேரத்தில் நாய் எழும்பிக் குரைத்தது. மகள் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தாள். நான் படலையைப் பார்த்தேன்.